வளையாத டிஸ்க்கின் மீது விழும் பழி

மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓடிக்கொண்டிருக்கும் கார் ஒன்று, பிரேக் பெடலை மிதித்தவுடன் ஸ்டீயரிங் இடமும் வலமுமாகத் துடிக்க, பெடல் பாதத்தை விட்டு விட்டு மேலே தள்ள, தரையும் இருக்கையும் அதிர நடுங்கத் தொடங்கி, வேகம் நாற்பதுக்குக் கீழே இறங்கியதும் ஒன்றுமே நடவாததுபோல அமைதியடைவது வாகனப் பொறியியலில் நன்கு அறியப்பட்ட கோளாறு ஆகும். இக்கோளாறோடு பட்டறைக்குச் செல்லும் கார் உரிமையாளருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை ‘டிஸ்க் பெண்ட் ஆகிவிட்டது’ என்பதே. புதிய டிஸ்க் பொருத்தப்பட்டதும் நடுக்கம் மறைகிறது; ஐயாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடிய பின் அது திரும்பி வரும்போது பழி இம்முறை டிஸ்க்கைத் தயாரித்த நிறுவனத்தின் மீது விழுகிறது. உண்மையில் இத்தகைய கார்களில் பெரும்பாலானவற்றில் டிஸ்க் வளைந்திருப்பதில்லை. அதன் தடிமன் இடத்துக்கு இடம் மாறியிருக்கிறது. அப்படி மாறச்செய்த காரணமோ பல வேளைகளில் டிஸ்க்குக்கு வெளியே, அது பொருத்தப்பட்டிருக்கும் இடத்தில் இருக்கிறது.

காரின் முன்சக்கரத்தைக் கழற்றினால் கண்ணில் படும் பளபளப்பான இரும்புத் தட்டே டிஸ்க். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இத்தட்டு, அச்சின் முனையில் உள்ள ஹப் என்னும் உருண்டைப் பாகத்தின் தட்டையான முகத்தில் அமர்ந்திருக்கிறது. தட்டை இருபுறமும் கவ்வியபடி காலிப்பர் நிற்கிறது. அதன் இரு தாடைகளிலும் உராய்வுப் பொருள் ஒட்டப்பட்ட பேட்கள் இருக்கின்றன. பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெயின் அழுத்தம் காலிப்பரில் உள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டன் உட்புறப் பேடை டிஸ்க்கின் மீது அழுத்துகிறது, அதன் எதிர்வினையாகக் காலிப்பரின் உடலே இரண்டு ஊசிகளின் மீது வழுக்கி நகர்ந்து வெளிப்புறப் பேடையும் இழுத்து அழுத்துகிறது. பயணிகள் கார்களில் மிகுதியாகக் காணப்படுவது இந்த வழுக்கும் வகைக் காலிப்பரே. டிஸ்க் பிரேக்குக்கு 1902ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் பிரெடெரிக் லான்செஸ்டர் காப்புரிமை பெற்றிருந்தபோதிலும், அது பரவலாவதற்கு அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 1953ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக்குகளோடு ஓடிய ஜாகுவார் கார் வென்ற பிறகே உலகம் அதைக் கூர்ந்து கவனித்தது.

பிரேக்கின் பணி இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றுவதாகும். 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 463 கிலோஜூல். வேகம் பாதியானால் ஆற்றல் கால்பங்காகிவிடும். நிறுத்தும்போது காரின் எடை முன்னோக்கிச் சாய்வதால் இந்த வேலையில் மூன்றில் இரண்டு பங்கை முன்சக்கரங்களே செய்கின்றன. எனவே, ஒரே ஒரு முறை நூறிலிருந்து முழுமையாக நிறுத்தினால் முன்புறத்து டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் சுமார் 150 கிலோஜூல் வெப்பம் சேர்கிறது. டிஸ்க்கின் எடை ஐந்து கிலோ என்றும், வார்ப்பிரும்பின் ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 500 ஜூல் வேண்டும் என்றும் கொண்டால், அதன் வெப்பநிலை 60 டிகிரி செல்சியஸ் அளவுக்கு உயரும். சமவெளியில் இது பெரிய சுமை ஆகாது. உதகையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது கணக்கு வேறாகிறது. உயர வேறுபாடு ஏறத்தாழ 1,900 மீட்டர் என்பதால், அதே 1,200 கிலோ காரிலிருந்து வெளியேற வேண்டிய நிலையாற்றல் 22 மெகாஜூலுக்கு மேல். அதாவது நூறிலிருந்து ஏறத்தாழ நாற்பத்தெட்டு முறை முழுமையாக நிறுத்துவதற்குச் சமம். அதில் ஒரு பகுதியைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ள, இரண்டாம் கியரில் இறங்கினால் பெரும்பகுதியை எஞ்சின் எடுத்துக்கொள்கிறது. நியூட்ரலில் இறங்குபவரோ மீதம் முழுவதையும் டிஸ்க்கின் தலையில் கட்டுகிறார்.

தடிமன் மாறினால் ஏன் நடுக்கம் வரவேண்டும் என்பதை இனிப் பார்க்கலாம். ஓட்டுநரின் பாதம் ஒரே அளவில் அழுத்திக்கொண்டிருக்கையில், இரண்டு பேட்களுக்கும் இடையே டிஸ்க்கின் தடித்த பகுதி வந்தால் அது பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுகிறது; குழாயில் எண்ணெய் அழுத்தம் ஒரு கணம் ஏறுகிறது; மெல்லிய பகுதி வந்தால் அழுத்தம் இறங்குகிறது. அழுத்தத்தின் ஏற்ற இறக்கம் எண்ணெய் வழியே பெடலுக்கு வந்து பாதத்தைத் தட்டுகிறது. மறுபுறம், பிரேக் சக்கரத்தைச் சுழலவிடாமல் தடுக்கும் திருப்பு விசையும் அதே தாளத்தில் கூடிக் குறைய, அது சஸ்பென்ஷன் கைகள் வழியாக ஸ்டீயரிங்குக்கு ஏறுகிறது. இந்த அமைப்பு எவ்வளவு நுண்ணுணர்வு மிக்கது என்றால், 15 முதல் 20 மைக்ரான் வேறுபாடே பல கார்களில் கையில் உணரப்பட்டுவிடும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இருபத்திரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள தட்டில் இந்த அளவைக் கண்ணாலோ விரலாலோ எவராலும் கண்டறிய முடியாது. ஆகவே டிஸ்க்கைத் தடவிப் பார்த்துச் சொல்லப்படும் தீர்ப்புக்கு, சொல்பவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், பெரிய மதிப்பு இல்லை.

மாறாக, தட்டின் தடிமன் எங்கும் ஒன்றாக இருந்து, தட்டு மட்டும் சற்றுச் சாய்வாகச் சுழன்றால் நடப்பது வேறு. சைக்கிள் கடைகளில் ‘கோட்டம்’ என்று சொல்லப்படும் பக்கவாட்டு ஆட்டமே இது: சக்கரம் சுழலும்போது விளிம்பு ஒரு முறை இந்தப் பக்கமும் ஒரு முறை அந்தப் பக்கமும் ஒதுங்குவது. வழுக்கும் காலிப்பர் இந்த ஆட்டத்தோடு தானும் ஒதுங்கிக் கொடுத்துவிடுவதால், சிறிய கோட்டம் இருக்கும் காரும் முதல் நாளில் நடுங்காது. புதிய டிஸ்க் போட்டவுடன் எல்லாம் சரியாகிவிட்டதாகத் தோன்றுவதன் மர்மம் இங்கேதான் இருக்கிறது.

நடுக்கம் ஏன் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் உச்சம் தொடுகிறது என்பதற்கும் எளிய கணக்கு உண்டு. நடுத்தரக் கார்களில் பயன்படும் 185/65 ஆர் 15 அளவு டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.95 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 27.8 மீட்டர் என்பதால், அந்த வேகத்தில் சக்கரம் நொடிக்குப் பதினான்கு முறை சுற்றும். டிஸ்க்கில் ஒரே ஒரு மெல்லிய இடம் இருந்தால் நொடிக்குப் பதினான்கு தட்டுகள். எதிரெதிரே இரண்டு இருந்தால் இருபத்தெட்டு. ஒவ்வொரு பொருளுக்கும் தட்டிவிட்டால் தானாக அதிரும் ஓர் இயல் அதிர்வெண் உண்டு. வெளியிலிருந்து வரும் தட்டுகள் அதே தாளத்தில் அமைந்தால் அதிர்வு பன்மடங்காகப் பெருகுவதை இயற்பியலில் ஒத்ததிர்வு என்பர். கார்களின் முன் சஸ்பென்ஷனும் ஸ்டீயரிங் அமைப்பும் முன்னும் பின்னும் அசையும் இயல் அதிர்வெண் பொதுவாக நொடிக்குப் பத்திலிருந்து இருபது வரையில் அமைவதால், மணிக்கு 120இலிருந்து 70 வரை வேகம் இறங்கும் இடைவெளியில் சக்கரத்தின் தாளம் அந்த எல்லைக்குள் வந்து போகிறது. வேகம் மேலும் குறையும்போது டிஸ்க்கின் குறை அப்படியே இருந்தும் நடுக்கம் அடங்கிவிடுவது இதனால்தான்.

இனி, தடிமன் வேறுபாடு எப்படிப் பிறக்கிறது என்னும் கேள்விக்கு வரலாம். இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருப்பினும், முதலிடம் பெறத் தக்கது மேற்சொன்ன கோட்டமே. பெடலை விட்டதும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும் முயற்சியில் பிஸ்டனை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்னும் அளவில் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையே கிடைக்கும் இடைவெளி அவ்வளவுதான். கோட்டம் அந்த இடைவெளியை மிஞ்சினால், பிரேக்கே மிதிக்காமல் ஓடும்போதும் டிஸ்க்கின் ஒதுங்கிய பகுதி சுற்றுக்கு ஒரு முறை பேடை உரசிவிட்டுப் போகும். ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் ஐந்நூறு முறைக்குமேல் சுற்றுகிறது. ஐயாயிரம் கிலோமீட்டரில் இந்த உரசல் இருபத்தைந்து லட்சம் முறை நிகழ்கிறது. ஒவ்வோர் உரசலும் எடுக்கும் இரும்பு அளவிட முடியாத அளவுக்குச் சிறிது. எனினும் எடுக்கப்படுவது எப்போதும் ஒரே இடத்திலிருந்து என்பதால், பதினைந்து இருபது மைக்ரான் குழி விழ இத்தனை முறை போதுமானது. புதிய டிஸ்க் சில மாதங்கள் கழித்தே நடுங்கத் தொடங்குவதற்கும், அதன்பின் போடப்படும் இன்னொரு புதிய டிஸ்க்கும் அதே கதிக்கு ஆளாவதற்கும் விளக்கம் இதுவே.

அந்தக் கோட்டம் எங்கிருந்து வருகிறது? மிகப் பல வேளைகளில் ஹப்பின் முகத்தில் படிந்த துருவிலிருந்து. பழைய டிஸ்க்கைச் சுத்தியலால் தட்டி எடுத்துவிட்டு, ஹப்பைத் துணியால் ஒரு முறை துடைத்து, புதியதை மாட்டுவது பல பட்டறைகளில் வழக்கமாக இருக்கிறது. சக்கர போல்ட்டுகளைச் சுற்றியுள்ள மூலையில் ஒட்டியிருக்கும் துருச் செதிலோ, உடைந்த திருகின் பிசிறோ அங்கேயே தங்கிவிடுகிறது. ஹப்பின் முகம் 140 மில்லிமீட்டர் விட்டமுடையது என்றும், அதன் ஓரத்தில் 0.05 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு துருச் செதில் சிக்கிக்கொண்டது என்றும் கொள்வோம். அச்செதிலால் சாய்ந்த டிஸ்க்கின் விட்டம் 255 மில்லிமீட்டர் என்றால், அதன் விளிம்பில் ஆட்டம் 0.09 மில்லிமீட்டராகப் பெருகியிருக்கும். கார் நிறுவனங்கள் பொதுவாக அனுமதிக்கும் எல்லை 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரைதான். தாளைவிட மெல்லிய ஒரு செதில் அந்த எல்லையை ஏறக்குறைய முழுதும் தின்றுவிடுகிறது.

சக்கர நட்டுகளை முடுக்கும் முறைக்கும் இதில் பங்குண்டு. சிறிய, நடுத்தரக் கார்களின் நட்டுகளுக்குப் பொதுவாக 85 முதல் 120 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை குறிக்கப்பட்டிருக்கிறது. அதை எதிரெதிர் வரிசையில், இரண்டு மூன்று சுற்றுகளாக, அளவு காட்டும் டார்க் ஸ்பேனரால் முடுக்க வேண்டும். பஞ்சர் ஒட்டியபின் காற்றழுத்தத் துப்பாக்கியால் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு நட்டை அளவுக்கு மீறியும் மற்றொன்றைக் குறைவாகவும் இறுக்கினால், ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையில் சிக்கியிருக்கும் டிஸ்க்கின் நடுப்பகுதி சமமின்றி அழுந்திச் சாய்கிறது. டயர் மாற்றிய சில வாரங்களுக்குப் பின் தொடங்கும் நடுக்கத்துக்கு ஐயப்பட வேண்டிய முதல் இடம் இதுவாகும்.

தடிமன் வேறுபாட்டின் இரண்டாவது வழி தேய்மானத்துக்கு நேர் எதிரானது. பிரேக் பிடிக்கும்போது பேட் டிஸ்க்கைச் சுரண்டுவது மட்டுமே உராய்வு என்று கருதுவது தவறு. பேடில் உள்ள பிசின், கிராஃபைட், உலோகத் தூள் ஆகியவை வெப்பத்தில் மிக மெல்லிய படலமாக டிஸ்க்கின் மேல் படிகின்றன, அதன்பின் பேட் பெருமளவு அந்தப் படலத்தின் மீதே உரசுகிறது. படலம் சீராகப் படிந்தால் பிரேக் இனிதாக இயங்கும். புதிய பேட்களை முறையாகப் பழக்காமல் முதல் நாளே கடுமையாக மிதித்துச் சூடேற்றினாலோ, நன்கு சூடான டிஸ்க்கை நிறுத்தியபின் பெடலை விடாமல் பிடித்துக்கொண்டு சிக்னலில் நின்றாலோ, பேடின் பொருள் ஓரிடத்தில் திட்டாக ஒட்டிக்கொள்கிறது. பந்தயக் கார்த் துறையில் நீண்ட காலம் பணியாற்றிய அமெரிக்கப் பொறியாளர் கரோல் ஸ்மித், வளைந்துவிட்டதாகத் தம்மிடம் வந்த டிஸ்க்குகளை ஆராய்ந்தபோது அவற்றில் தாம் கண்டது இப்படிப் படிந்த திட்டுகளைத்தான் என்று எழுதியிருக்கிறார். பந்தயத்தின் வெப்பமும் ஊர்ச்சாலையின் வெப்பமும் ஒன்றல்ல என்பதால் அவருடைய முடிவை எல்லாக் கார்களுக்கும் அப்படியே பொருத்துவது மிகையாகும். ஆயினும் ‘வளைந்த டிஸ்க்’ என்னும் நம்பிக்கையை வலுவாக அசைத்தவர்களில் அவர் முக்கியமானவர்.

திட்டு படிந்ததோடு கதை முடிவதில்லை. படிந்த இடம் மற்ற இடங்களைவிடக் கூடுதலாக உரசுவதால் கூடுதலாகச் சூடாகிறது. டிஸ்க்குகள் வார்க்கப்படும் சாம்பல் வார்ப்பிரும்பில் கார்பன் மெல்லிய கிராஃபைட் செதில்களாகப் பரவியிருக்கும். அச்செதில்களே அதற்கு வெப்பத்தைக் கடத்தும் திறனையும் அதிர்வை விழுங்கும் பண்பையும் தருகின்றன. ஓரிடத்தின் வெப்பம் சுமார் 700 டிகிரியைத் தாண்டும்போது அங்குள்ள கார்பன் இரும்போடு சேர்ந்து, சிமென்டைட் எனப்படும் மிகக் கடினமான இரும்புக் கார்பைடாக மாறக்கூடும். கடினமான அந்த இடம் மற்ற பகுதியைப்போலத் தேயாமல் மேடாக எஞ்சி, மேலும் சூடாகி, மேலும் ஆழமாகக் கடினப்படுகிறது. இந்த நிலைக்கு வந்த டிஸ்க்கை லேத்தில் கடைந்தாலும் கத்தி மேற்பரப்பை மட்டுமே சீவும், கடினப் பகுதியின் வேர் உள்ளே தங்கிவிடும் என்பதால், நடுக்கம் சில நூறு கிலோமீட்டரிலேயே திரும்பிவிடும். நீலம் பாய்ந்த திட்டுகள் வரிசையாகத் தெரியும் டிஸ்க்கைக் கழித்துவிடுவதே செலவைக் குறைக்கும் வழி.

சூடாக இருக்கும்போது மட்டும் தோன்றி, ஆறியதும் மறையும் நடுக்கம் தனி இனம். உரசும் பரப்பு ஓரிடத்தில் சற்றே சூடேறினால் அது விரிந்து புடைக்கிறது. புடைத்த இடத்தில் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் வெப்பம் கூடுகிறது. குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் இந்தச் சுழற்சி தன்னைத் தானே வளர்த்துக்கொண்டு டிஸ்க்கைச் சுற்றிச் சம இடைவெளிகளில் சூட்டுப் புள்ளிகளை உண்டாக்கும் என்பதற்கான கணிதத்தை 1969ஆம் ஆண்டில் ஜே. ஆர். பார்பர் வகுத்தார்; வெப்பமும் மீட்சியும் கலந்து விளையும் நிலையின்மை என இது அழைக்கப்படுகிறது. ஒரு சுற்றுக்குப் பல புள்ளிகள் தட்டுவதால் இதன் அதிர்வு ஸ்டீயரிங்கைக் குலுக்குவதைக் காட்டிலும் தரையடியிலிருந்து எழும் உறுமலாகக் கேட்கிறது. மலைச்சரிவில் இறங்கிய பின் மட்டும் உறுமும் கார், சமவெளியில் ஒரு நாள் ஓடினால் பட்டறையில் எந்தக் குறையையும் காட்டாது. குறை காணாத மெக்கானிக்கை நொந்துகொள்வதில் பயனில்லை. சரிவில் இறங்கிய சூட்டோடு டிஸ்க்கின் மீது தண்ணீரைப் பீய்ச்சுவது மட்டும் எவ்வகையிலும் கூடாது. திடீர்க் குளிர்ச்சி வெடிப்பையும் மெய்யான வளைவையுமே உண்டாக்கக்கூடும்.

துருவும் தடிமன் வேறுபாட்டுக்கு ஒரு வழி. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்ட காரில், பேட் மூடியிருந்த பகுதியைத் தவிர மற்ற இடமெல்லாம் துருவேறி, பேடின் அச்சு டிஸ்க்கில் தெளிவாகப் பதிந்திருக்கும். மேலோட்டமான துரு பத்துப் பதினைந்து முறை பிரேக் பிடித்தால் போய்விடும். ஆழமாக அரித்திருந்தால் போகாது.

காரணங்களை அறிந்தபின் கண்டறிவது கடினமன்று. ஆனால் எதையும் கழற்றுவதற்கு முன் சாலையிலேயே பெரும்பகுதி தெளிவாகிவிட வேண்டும். பிரேக்கைத் தொடாமலே எண்பது, தொண்ணூறு வேகத்தில் ஸ்டீயரிங் ஆடினால் கோளாறு வீல் பேலன்ஸிலோ டயரிலோ ரிம்மிலோ இருக்கிறது. டிஸ்க்கின் பக்கம் போகவே வேண்டியதில்லை. பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஸ்டீயரிங் துடித்தால் முன்சக்கரங்களும், ஸ்டீயரிங் அமைதியாக இருக்க இருக்கையும் தரையும் அதிர்ந்தால் பின்சக்கரங்களும் ஐயத்துக்குரியவை. பின்புறத்தில் டிரம் பிரேக் உள்ள கார்களில், உருளை வடிவ டிரம் முட்டை வடிவத்துக்கு மாறியிருப்பது அரிதன்று. சூடான டிரம்மின் மீது ஹேண்ட் பிரேக்கை இறுக இழுத்து நிறுத்தி வைப்பதும் நட்டுகளை மிகையாக முடுக்குவதும் அதற்குத் துணைபோகின்றன. இதைச் சோதிக்க, கம்பிவடத்தால் இயங்கும் ஹேண்ட் பிரேக் உள்ள காரை ஆளில்லாத நேர்ச்சாலையில் நாற்பது வேகத்தில் ஓட்டி, பொத்தானை அழுத்திய நிலையிலேயே நெம்புகோலை மெல்ல இழுத்துப் பார்க்கலாம். அப்போதும் அதே துடிப்பு வந்தால் குறை பின்னால் இருக்கிறது. ஈரச்சாலையில் இதைச் செய்யக் கூடாது, மின்விசையால் இயங்கும் பார்க்கிங் பிரேக்கில் செய்யவே கூடாது.

ஏபிஎஸ் அமைப்பின் துடிப்பை இவற்றோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று அறிந்ததும் ஏபிஎஸ் எண்ணெய் அழுத்தத்தை நொடிக்குப் பல முறை விட்டுப் பிடிக்கும். அவசரமாக மிதிக்கும்போதோ மணல், ஈரம் உள்ள இடத்திலோ ‘கரகர’ ஒலியோடு பெடல் துடிப்பது அதன் இயல்பு, கோளாறு அன்று. மெதுவாக மிதிக்கையில், அதுவும் கார் நிற்கப்போகும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் பெடல் ஒரு கணம் துடித்தால், சக்கர வேகத்தை அளக்கும் சென்சார் வளையம் துருவேறிப் பிளந்து, நிற்காத சக்கரத்தை நின்றுவிட்டதாகக் காட்டுகிறது எனக் கொள்ளலாம். அதற்கு டிஸ்க் மாற்றி ஒரு பயனும் இல்லை.

பட்டறையில் நடைபெற வேண்டிய அளவீடுகள் இரண்டு. முதலாவது கோட்டம். சக்கரத்தைக் கழற்றியபின் டிஸ்க்கை வாஷர் வைத்து நட்டுகளால் ஹப்போடு இறுக்கி, நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும், காந்த அடியுள்ள டயல் கேஜை அசையாத பாகத்தில் நிறுத்தி, அதன் முனையை டிஸ்க்கின் வெளிவிளிம்பிலிருந்து பத்து, பதினைந்து மில்லிமீட்டர் உள்ளே தொடவிட்டு, கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். முள் காட்டும் மிகப் பெரிய அளவுக்கும் மிகச் சிறிய அளவுக்கும் உள்ள வேறுபாடே கோட்டம். நட்டு போடாமல் தளர்வாக நிற்கும் டிஸ்க்கில் எடுக்கும் அளவு எதையும் சொல்லாது. இரண்டாவது தடிமன். மைக்ரோமீட்டரால் அதே வட்டத்தில் எட்டு இடங்களில் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். பட்டறைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் வெர்னியர் காலிப்பரின் மீச்சிற்றளவு 0.02 மில்லிமீட்டர், தேடப்படும் வேறுபாடே அவ்வளவுதான் என்பதாலும், டிஸ்க்கின் ஓரத்தில் தேயாமல் நிற்கும் வரம்பில் அதன் தாடை மோதி நிற்கும் என்பதாலும், அந்தக் கருவி இதற்கு உதவாது. இவ்விரண்டு அளவையும் எடுக்கச் சக்கரத்துக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆவதில்லை. ஆனாலும் அளக்காமலே மாற்றும் வழக்கம் நீடிக்கிறது. அளப்பதற்குத் தனிக் கூலி கிடைப்பதில்லை, மாற்றுவதற்குக் கிடைக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கோட்டம் மிகுந்திருந்தால் டிஸ்க்கைக் கழற்றி, ஹப்பின் முகத்தையும் டிஸ்க்கின் உட்புறத்தையும் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் உலோகம் தெரியும்வரை தேய்த்துத் துடைத்து, மீண்டும் மாட்டி அளக்க வேண்டும். அப்போதும் குறையாவிட்டால் டிஸ்க்கை ஒரு போல்ட் துளை தள்ளிச் சுழற்றி மாட்டிப் பார்ப்பது பழைய, செலவில்லாத உத்தி: ஹப்பின் சாய்வும் டிஸ்க்கின் சாய்வும் ஒரே பக்கம் கூடி நிற்பதை விட்டு ஒன்றையொன்று ஈடுசெய்யும் நிலை பல நேரம் கிடைத்துவிடும், டிஸ்க்கை இருத்தும் சிறு திருகு உள்ள கார்களில் மட்டும் இதற்கு வழியில்லை. எந்த நிலையிலும் அளவு இறங்காவிட்டால் டிஸ்க்கைக் கழற்றி ஹப்பின் முகத்தின் மீதே டயல் கேஜை வைக்க வேண்டும். அங்கே ஆட்டம் தெரிந்தால் ஹப்பையோ வீல் பேரிங்கையோ மாற்றாமல் எத்தனை டிஸ்க் போட்டாலும் வீண்.

தடிமன் வேறுபட்டிருந்தாலும் டிஸ்க் இன்னும் போதிய பருமனோடு இருந்தால் லேத்தில் கடையலாம். கழற்றி எடுத்துத் தனி லேத்தில் ஏற்றும்போது, டிஸ்க் லேத்தின் அச்சுக்கு நேராகக் கடையப்படுகிறது. காரின் ஹப் அந்த அச்சோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காரிலேயே பூட்டி, ஹப்போடு சேர்த்துச் சுழற்றிக் கடையும் கருவி உள்ள இடங்களில் இந்தக் குறை எழுவதில்லை. எப்படியாயினும் டிஸ்க்கின் விளிம்பிலோ நடுமூடியிலோ வார்த்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போகக் கூடாது. புதிதில் 22 மில்லிமீட்டர் இருக்கும் டிஸ்க்குக்கு அந்த எல்லை பெரும்பாலும் 20 ஆக இருக்கும். மெலிந்த டிஸ்க் வெப்பத்தைத் தாங்கும் கொள்ளளவை இழந்துவிடுவதால், நடுக்கம் விரைவில் திரும்புவதோடு பிரேக்கின் பிடியும் குறையும்.

டிஸ்க்கைக் கழற்றிய கையோடு காலிப்பர் வழுக்கும் ஊசிகளைப் பார்ப்பது நல்லது. அவற்றின் ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் புகுந்து துருப்பிடித்தால் காலிப்பர் நகராமல் நின்றுவிடும்; ஒரு பேட் முழுதும் தேய்ந்திருக்க மற்றொன்று புதிதுபோல இருப்பது அதன் அடையாளம். அதற்கென உள்ள, வெப்பம் தாங்கும் கிரீஸையே பூச வேண்டும். கையில் கிடைக்கும் சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதிப் பெருக்கச் செய்யும். சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் இணைப்புகளான லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் முனை ஆகியவை தேய்ந்திருந்தால் அவை தாமாக நடுக்கத்தைப் பிறப்பிப்பதில்லை, ஆனால் ஓட்டுநர் உணராமல் போயிருக்கக்கூடிய பத்து மைக்ரான் குறையைக் கைகளை உலுக்கும் அளவுக்குப் பெருக்கிக் கொடுக்கின்றன. இரண்டு கார்களில் ஒரே அளவு குறை இருந்தும் ஒன்று நடுங்க, மற்றொன்று நடுங்காதிருப்பதற்கு இதுவே விளக்கம்.

புதிய டிஸ்க்கும் பேடும் பொருத்தியபின் அவற்றைப் பழக்கும் வேலை ஓட்டுநருடையது. ஆளில்லாத சாலையில் அறுபது வேகத்திலிருந்து பதினைந்துக்கு, நடுத்தர அழுத்தத்தில், முழுமையாக நிறுத்தாமல், இடையிடையே அரை கிலோமீட்டர் ஆறவிட்டு, பத்து முறை போலக் குறைத்தபின், சில கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி முழுதும் ஆறவிட வேண்டும். பேட் நிறுவனம் வேறு முறை குறித்திருந்தால் அதுவே முன்னுரிமை பெறும். முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டரில் அவசரம் நேர்ந்தாலன்றி வன்மையாக மிதிக்காதிருந்தால் படலம் சீராக உருவாகும்.

நடுக்கத்தோடு காரும் ஒரு பக்கம் இழுத்தாலோ, பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினாலோ, ஒரு சக்கரத்திலிருந்து மட்டும் கருகல் வாடை வந்தாலோ, அது காத்திருக்கும் கோளாறு அன்று. அன்றே வண்டியை நிறுத்திக் காட்ட வேண்டும். மற்ற நேரங்களில் அவசரமில்லை. டிஸ்க் போய்விட்டது என்று பட்டறையில் சொன்னால், பழைய டிஸ்க்கின் எட்டு இடத்துத் தடிமனையும், புதியதை மாட்டியபின் டயல் கேஜ் காட்டிய கோட்டத்தையும் பில்லிலேயே எழுதித் தரும்படி கேளுங்கள். தர மறுக்கும் பட்டறையில் டிஸ்க் மாற்றாதீர்கள்.